செத்தவீட்டில் நீட்டப்பட்ட கடதாசி

என் தங்கச்சியின் கணவர் மேசன் வேலை செய்தவர். 2017 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு, சாப்பாட்டுப் பார்சலை மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலில் கொழுவிக்கொண்டு வீட்டிலிருந்து புறப்பட்டார். ஆறேகாலுக்கு மட்டக்களப்பு - கல்முனை பிரதான வீதியில் கிடந்தார். பஸ் ஒன்றை முந்திக்கொண்டு வந்த மணல் டிப்பர், அவர் வந்த பக்கத்துக்கே வந்து அடித்துவிட்டது. அப்போது எங்கள் பக்கத்துக்கு 1990 அம்புலன்ஸ் சேவை வந்திருக்கவில்லை. மீன் ஏற்றிப்போன வான் ஒன்றை மறித்து அதில்தான் ஏற்றினார்களாம். வைத்தியசாலைக்குப் போய்ச் சேர முன்னரே உயிர் பிரிந்துவிட்டது. அவருக்கு வயது 34. மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு மூன்று.

பிரேதப் பரிசோதனை, மரண விசாரணை எல்லாம் முடிந்து அடுத்தநாள் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதற்கு மூன்றாம் நாள், முற்றத்துக் கூடாரம்கூடக் கழற்றப்படவில்லை, டிப்பர் முதலாளியின் ஆட்கள் இருவர் வந்தார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு கடித உறையில் 75,000 ரூபாவும், மடித்த கடதாசி ஒன்றும் இருந்தது.

"இது செத்தவீட்டுச் செலவுக்கு. பிள்ளை ஒரு கையெழுத்து வைச்சாக் காணும். ட்ரைவரும் பிள்ளைகுட்டிக்காரன்தான், பாவம்" என்றார் அந்தப் பெரியவர்.

தங்கச்சி பேனையை வாங்கிவிட்டாள். அந்த நேரம் யார் எதை நீட்டினாலும் அவள் வாங்கியிருப்பாள். அம்மாவும், "வந்த மனிசரைத் திருப்பி அனுப்பப்படாது" என்று சொல்லிக்கொண்டு நின்றா. கடதாசி சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. நான் இடையில் புகுந்து, "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தெரிஞ்ச ஆளிட்டக் காட்டி வாசிச்சுப்போட்டுத் தாறம்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

இதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. நான் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளராக இருக்கிறேன். வாசிக்காமல் ஒரு வவுச்சரில் கையெழுத்து வைத்து ஒருமுறை பட்டிருக்கிறேன். அந்தப் பயம்தான்.

அன்றிரவு சிங்களம் தெரிந்த ஆசிரியை ஒருவர் வாசித்துச் சொன்னார். விபத்துக்குச் சாரதி பொறுப்பல்ல; மனைவியாகிய நான் முழு நட்டஈட்டையும் பெற்றுக்கொண்டேன்; இனி இது தொடர்பாக எந்த நீதிமன்றத்திலும் எந்த உரிமையும் கோரமாட்டேன். மூன்று வசனங்கள்தான். ஒரு மனிதனின் மீதி வாழ்நாள் முழுவதும் 75,000 ரூபாவுக்குள் மடிக்கப்பட்டிருந்தது.

நாங்கள் கையெழுத்து வைக்கவில்லை. பணத்தையும் திருப்பி அனுப்பினோம். பணத்தைத் திருப்பியிருக்கத் தேவையில்லை என்று பின்னர் அறிந்தோம். மரணச் செலவுக்கென்று தருவதை, "மரணச் செலவுக்காக மட்டும் பெற்றுக்கொண்டேன்" என்று தமிழில் எழுதி ரசீது கொடுத்து வாங்கலாம். அதனால் மற்ற உரிமைகள் போய்விடாது. ஆனால் அந்த மூன்றாம் நாளில் இதை எங்களுக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. சகோதரிகளே, இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஒருவர் ஒருவராகப் போகிறார்கள்

2025 மே 11 ஆம் திகதி அதிகாலை கொத்மலை கெரண்டிஎல்லப் பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே துக்கப்பட்டது. தொலைக்காட்சி முன்னால் இருந்து நாங்களும் அழுதோம். ஆனால் எங்கள் நாட்டில் வீதியில் இறப்பவர்களில் பெரும்பாலானோர் அப்படிக் கூட்டமாக இறப்பதில்லை. ஒருவர் ஒருவராகவே இறக்கிறார்கள். உலக வங்கி 2020 இல் வெளியிட்ட அறிக்கையில், இலங்கையில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 38,000 விபத்துகள் நடப்பதாகவும் ஏறத்தாழ 3,000 பேர் இறப்பதாகவும் 8,000 பேர் படுகாயமடைவதாகவும் சொல்லப்பட்டது. நாளொன்றுக்கு எட்டு வீடுகளில் கூடாரம் போடுகிறார்கள் என்று கணக்குப் பாருங்கள். பத்திரிகையில் அது மூன்று வரிச் செய்தி.

அந்த எட்டு வீடுகளில் எத்தனை வீட்டுக்கு உறையும் கடதாசியும் போகின்றன என்பதற்கு யாரிடமும் கணக்கு இருக்காது.

ஒரு விபத்து, இரண்டு வழக்கு

எங்களைப் பிழையான இடத்தில் நிறுத்தியது ஒரு தவறான எண்ணம். பொலிஸார் டிப்பர் சாரதி மீது நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். கவனயீனமாக வாகனம் ஓட்டி மரணம் விளைவித்த குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின்படி இதற்கு ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். வழக்கு நடக்கிறது, நீதவான் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார், பிள்ளைகளுக்கு ஏதாவது கிடைக்கும் என்று நாங்கள் காத்திருந்தோம். தங்கச்சி ஒவ்வொரு தவணைக்கும் போய் நீதிமன்ற வாசலில் நின்றாள். வேலைக்குப் போகாமல், பஸ்ஸுக்குக் காசு செலவழித்து, சிலநாள் இளையவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு.

2018 இறுதியில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டம் கட்டினார். ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. தங்கச்சிக்கு ஒரு தொகை கொடுக்கும்படியும் நீதவான் உத்தரவிட்டார். அது செத்தவீட்டுக் கடனில் பாதிக்கும் காணவில்லை. "கேஸ் முடிஞ்சுது, இனி ஒண்டுமில்ல" என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

முடிந்தது அரசாங்கத்தின் வழக்கு. சாரதி சட்டத்தை மீறினார், அதற்காக அரசாங்கம் தண்டித்தது. குடும்பம் இழந்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கு வேறு. அதை மாவட்ட நீதிமன்றத்தில் நாங்களே போட வேண்டும். பொலிஸார் போட்டுத்தர மாட்டார்கள். நீதவானும் போட்டுத்தர மாட்டார். சாரதியின் மீதும் வாகனச் சொந்தக்காரரின் மீதும் அதைப் போடலாம். தன் வேலைக்காக வாகனத்தை ஓட்டிய ஆளின் கவனயீனத்துக்கு முதலாளியும் பொறுப்பு.

இதை நாங்கள் அறிந்தது தற்செயலாகத்தான். 2019 பங்குனி மாதம் பிரதேச செயலகத்தில் ஒரு நடமாடும் சேவை நடந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த நான் தங்கச்சியைக் கூட்டிப்போனேன். ஒரு மேசையில் சட்ட உதவி ஆணைக்குழு என்று எழுதியிருந்தது. ஆட்கள் குறைவாக இருந்ததால் போய் உட்கார்ந்தோம். அங்கிருந்த பெண் சட்டத்தரணி கதையைக் கேட்டுவிட்டு முதலில் கேட்டது, "விபத்து நடந்த திகதி என்ன அம்மா?" என்பதுதான். சொன்னோம். விரல்விட்டு எண்ணினார். "ஐந்து மாதம்தான் மிச்சம் இருக்கு" என்றார்.

இரண்டு வருடம்

இன்னொருவரின் தவறால் ஏற்பட்ட இழப்புக்கு நட்டஈடு கேட்கும் வழக்கை, இழப்பு நேர்ந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் சொல்வது அது. பழைய சட்டம்தான், ஆனால் இன்றும் அதுதான் கணக்கு. நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தாலும் இந்த இரண்டு வருடம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பராயமடையாத பிள்ளைகளின் உரிமைக்குச் சட்டம் சலுகை தருகிறது, அவர்களுக்குக் காலம் பின்னர்தான் ஓடத் தொடங்கும். மனைவிக்கு அந்தச் சலுகை இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறா. கணவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, கார் அடித்தது. நீதவான் நீதிமன்றத்தில் அந்த வழக்கு மூன்று வருடம் இழுபட்டது. தீர்ப்பு வந்த பிறகு, அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போனா. "நல்ல கேஸ், ஆனா நேரம் போயிற்று" என்றாராம். நல்ல கேஸ் என்று சொன்னதுதான் தனக்கு இன்னும் ஆறவில்லை என்று அந்த அக்கா சொல்வா.

எங்களுக்கு ஐந்து மாதம் இருந்தது. அதிலும் உயிர்த்த ஞாயிறு வந்து குறுக்கே நின்றது. 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு மட்டக்களப்பில் பல வாரங்களாக யாருக்கும் வேறு நினைவு இருக்கவில்லை. சோதனைச் சாவடிகளைத் தாண்டி, கைப்பையைத் திறந்து காட்டிக் காட்டி, ஆவணங்கள் எடுக்க அலைந்தோம். ஆடி மாத நடுவில் வழக்குப் பதிவாகியது. கெடு முடிய ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

சட்ட உதவி ஆணைக்குழு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி தருவது அதன் வேலை. பல நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் வருமானத்தை உறுதிப்படுத்திக் கடிதம் எடுத்துக்கொண்டு போனால் போதும். "இலவசமெண்டா ஏனோதானோ எண்டு செய்வாங்க" என்று எங்கள் மாமா சொன்னார். எங்களுக்கு வாய்த்த அந்தச் சட்டத்தரணி அப்படிச் செய்யவில்லை.

பணம் கட்டுவது யார்?

"ட்ரைவரும் பாவம்" என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அதை நினைத்து அம்மா பலநாள் மனம் குழம்பினா. வழக்குப் போட்டால் ஒரு ஏழையின் வயிற்றில் அடிப்பதாகிவிடுமோ என்று.

1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது வாகனச் சொந்தக்காரரின் வாகனத்தைத் திருத்துவதற்கு அல்ல. அந்த வாகனத்தால் சாகிறவருக்கும் காயப்படுகிறவருக்கும்தான். நீதிமன்றம் தீர்த்த தொகையைக் காப்புறுதிக் கம்பனி கட்ட வேண்டும். ஆகவே அம்மா பயந்ததுபோல அந்தச் சாரதியின் சோற்றுப்பானையில் யாரும் கை வைக்கப்போவதில்லை. வேடிக்கை என்னவென்றால், டிப்பர் முதலாளிக்கும் இது சரியாகத் தெரிந்திருக்கவில்லை. வழக்கு நடந்த காலத்தில் ஒருநாள் நீதிமன்ற வளவில் என்னைக் கண்டு, "இது இன்சூரன்ஸ்காரன் கட்டுறதெண்டு தெரிஞ்சிருந்தா நான் அந்தக் கடதாசியே கொண்டு வந்திருக்க மாட்டன் தங்கச்சி" என்றார். வருடா வருடம் காப்புறுதி கட்டியவர் அவர்.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வழக்குப் போட முன்னரோ, போட்டு ஏழு நாட்களுக்குள்ளோ அந்தக் காப்புறுதிக் கம்பனிக்கு வழக்குப் பற்றி அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தாலும் கம்பனி கட்டாமல் விலகிக்கொள்ளலாம். எங்கள் சட்டத்தரணி வழக்குப் பதிந்த அன்றே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினார். அந்தத் தபால் பற்றுச்சீட்டை என்னிடம் தந்து, "இதைத் தாலிக்கொடி மாதிரி வைச்சிருங்க" என்றார். சொல்லிவிட்டு, தங்கச்சி பக்கத்தில் நிற்பதைக் கண்டு முகம் மாறிப்போனார்.

எந்தக் கம்பனி, என்ன இலக்கம் என்பது எப்படித் தெரியும்? பொலிஸ் பதிவில் இருக்கும், நீதவான் நீதிமன்ற வழக்கேட்டிலும் இருக்கும். அந்த வழக்கேட்டின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியை விண்ணப்பித்து எடுக்கலாம். பொலிஸார் கீறிய விபத்து வரைபடம், மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கை, சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்ட பதிவு என்று எல்லாம் அதற்குள் இருந்தன. டிப்பர் எந்தப் பக்கத்தில் வந்தது என்று நாங்கள் வாதாட வேண்டியிருக்கவில்லை, அந்த வரைபடமே பேசியது.

ஒரு மேசனின் விலை

எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது பணக்கணக்குத்தான். சம்பளச் சிட்டை உள்ளவர் இறந்தால் கணக்கு இலகு. நாட்கூலிக்காரர் எவ்வளவு உழைத்தார் என்பதற்கு என்ன சாட்சி? கொந்தராத்துக்காரர் ஒருவரின் கொப்பியில் சில மாதங்களின் கணக்கு இருந்தது. அவர் நல்ல மனிதர், வந்து சாட்சி சொல்லச் சம்மதித்தார். மற்றது எங்கள் சங்கத்துச் சீட்டுக் கொப்பி. தங்கச்சி மாதாமாதம் 5,000 ரூபாச் சீட்டுக் கட்டிவந்தாள். விபத்து நடந்த மாதத்தோடு அது நின்றுவிட்டது. நான் என் கையால் எழுதிவந்த கொப்பி அது. ஒரு பெண்கள் சங்கத்துச் சீட்டுக் கொப்பி மாவட்ட நீதிமன்றத்தில் ஆவணமாகும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அன்றிலிருந்து எங்கள் சங்கத்தில் எல்லாக் கொப்பியிலும் திகதி போட்டுத்தான் எழுதுகிறோம்.

சட்டத்தரணி ஒவ்வொன்றாகக் கேட்டார். நாளுக்கு எவ்வளவு கூலி? மாதத்தில் எத்தனை நாள் வேலை? கார்த்திகை, மார்கழி மழைக்கு வேலை இருக்குமா? அவர் தனக்கென்று எவ்வளவு செலவழிப்பார்? குடிப்பாரா? தங்கச்சி ஒளிக்காமல் சொன்னாள். மழைக்கு வேலை இல்லை. சனிக்கிழமையில் கொஞ்சம் குடிப்பார். அவர் உழைத்ததில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்துவிட்டு, வீட்டுக்கு வந்த பங்கு, அவர் இன்னும் எத்தனை வருடம் உழைத்திருப்பார், பிள்ளைகள் எத்தனை வயதுவரை அவரில் தங்கியிருப்பார்கள் என்று அந்தக் கணக்கு போனது.

பக்கத்தில் இருந்த அம்மா கேட்டா: "பிள்ளையள் ராவு ராவா அழுததுக்கு எவ்வளவு போடுவீங்க மிஸ்?"

"அதுக்குச் சட்டத்தில் இடமில்லை அம்மா" என்றார் அவர்.

உண்மைதான். காயப்பட்டு உயிரோடு இருப்பவர் தான் பட்ட வேதனைக்கும் நட்டஈடு கேட்கலாம். எங்கள் வழக்குக்குப் பொருந்திய அன்றைய விதிப்படி இறந்தவரின் குடும்பம் இழந்த பராமரிப்புக்குத்தான் கேட்கக்கூடியதாக இருந்தது, துக்கத்துக்குக் கேட்க முடியாமல் இருந்தது. ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் - டச்சுச் சட்டத்தின் வழியில் வந்த விதி அது. எனக்கு இது சரியென்று இன்றும் படவில்லை.

அதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இறந்தது மனைவி என்றால்? "அவ வீட்டிலதானே இருந்தவ, உழைக்கயில்லையே" என்று கைவிட்டுவிடுவார்கள். இதே ரோமன் - டச்சுச் சட்டம் நடைமுறையில் இருக்கும் தென்னாபிரிக்காவில், வீட்டை நடத்தவும் பிள்ளைகளை வளர்க்கவும் மனைவி செய்த வேலையை இழந்ததற்குக் கணவர் நட்டஈடு கேட்கலாம் என்று உயர் மேன்முறையீட்டு மன்றம் 1911 இலேயே ஏற்றுக்கொண்டது. நூறு வருடத்துக்கு முன்னர் ஒரு நீதிமன்றத்துக்கு விளங்கியது, எங்கள் வீடுகளில் எத்தனை பேருக்கு இன்னும் விளங்கவில்லை! வீட்டிலிருந்த தாய் விபத்தில் இறந்தால் அதையும் சட்டத்தரணியிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.

இன்னொன்று. தங்கச்சியின் கலியாணம் பதிவுக் கலியாணம். சான்றிதழைக் கொடுத்தோம், ஒரு கேள்வியும் வரவில்லை. கோயிலில் தாலி கட்டியதோடு பதிவை விட்டுவிட்ட குடும்பங்கள் எங்கள் பகுதியில் நிறைய உண்டு. வழக்கப்படி நடந்த கலியாணத்தையும் சட்டம் ஏற்கும், ஆனால் நடந்தது என்று சாட்சிகளை வைத்து நிரூபிக்க வேண்டும். புருஷன் இல்லாத நேரத்தில் ஒரு பெண் தான் மனைவிதான் என்று கூட்டில் ஏறி நிரூபிப்பது எவ்வளவு கொடுமை! பதியாதவர்கள் இந்த மாதமே போய்ப் பதிந்துவிடுங்கள்.

கொழுவாத பட்டி

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிடித்துக்கொண்டது ஒரு விஷயத்தைத்தான். தலைக்கவசம். விபத்து நடந்த இடத்திலிருந்து பல அடி தள்ளிக் கிடந்தது. வெடிக்கவில்லை, உடையவில்லை. பட்டி கொழுவப்பட்டிருக்கவில்லை. தலையில் பட்ட அடியால்தான் மரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. பட்டியைக் கொழுவியிருந்தால் பிழைத்திருப்பார், ஆகவே இறந்தவரிலும் தவறு உண்டு என்றார் அவர்.

முன்னைய காலத்தில் என்றால் இப்படி ஒரு சிறு தவறு இருந்தாலே முழு வழக்கும் போய்விடக்கூடியதாக இருந்தது. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. இப்போது தவறைப் பங்குபோடுகிறார்கள். எதிராளியின் தவறு எவ்வளவு, எங்கள் ஆளின் தவறு எவ்வளவு என்று பார்த்து, எங்கள் பங்குக்கு ஏற்ப நட்டஈட்டில் குறைப்பார்கள். ஆகவே, "உங்கட ஆளிலும் பிழை இருக்கு, லைசன்ஸ் இல்ல, கேஸ் நிக்காது" என்று யாரும் பயமுறுத்தினால் உடனே விட்டுவிடாதீர்கள்.

ஆனால் எங்களுக்குக் குறைத்தார்கள். ஒரு பட்டிக்காக.

எங்கள் ஊரில் தலைக்கவசம் பொலிஸுக்குக் காட்டுவதற்கான தொப்பி. சந்தி வரும்போது தலையில் ஏறும், சந்தி தாண்டினால் கைக்கு இறங்கும். பெண்களாகிய நாங்களும் திறமில்லை. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, சேலைத் தலைப்பையோ சோலையோ பறக்கவிட்டு, மடியில் குழந்தை. அந்தத் தலைப்பு சில்லில் சிக்கினால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு கதை இருக்கும். பிள்ளைக்குத் தலைக்கவசம் இல்லை, "பக்கத்திலதானே டியூசன்" என்போம். தங்கச்சியின் கணவரும் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத் தூரத்தில்தான் விழுந்தார். பொழுதுபட்ட பிறகு விளக்கில்லாத சைக்கிளில் கடைக்குப் போவதும், நடைபாதை இல்லாத வீதியில் வாகனங்களுக்கு முதுகு காட்டி நடப்பதும் எங்கள் பழக்கம். அப்படிப்பட்ட வீதியில் வலது பக்கமாக, வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்று ஆண்டு மூன்றிலேயே படித்தோம். எங்கள் பக்கத்து இரவு வீதிகளில் படுத்துக்கிடக்கும் மாடுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அது தனிக் கட்டுரை.

வீதியில் கிடக்கும்போது

இன்று நாடு முழுவதும் 1990 இருக்கிறது. காசு கேட்க மாட்டார்கள். அவசரத்தில் முச்சக்கரவண்டியில் மடித்துப் போட்டுக் கொண்டுபோவதால் முதுகெலும்பு முறிந்தவர்கள் மேலும் கெட்டுப்போகிறார்கள், ஆகவே முதலில் அந்த இலக்கத்துக்கு அழையுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. விபத்தோடு சம்பந்தப்பட்ட சாரதி நின்று உதவி செய்யவும் பொலிஸுக்கு அறிவிக்கவும் கடமைப்பட்டவர். வாகனங்களை அகற்ற முன்னர் யாராவது கைப்பேசியில் நாலு படம் எடுத்து வைத்தால் நல்லது. வாகன இலக்கம் தெரிய வேண்டும், வீதியின் கோடு தெரிய வேண்டும். பார்த்தவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அப்போதே எழுதுங்கள். அழுதுகொண்டு நிற்கும் மனைவி இதைச் செய்யமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி செய்யலாம்.

காயப்பட்டவர் என்றால், சட்ட வைத்தியப் பரிசோதனைக்கான படிவத்தைப் பொலிஸார் தருவார்கள், அந்தப் பரிசோதனை நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரும் அட்டை, கிளினிக் கொப்பி, மருந்து வாங்கிய பில், முச்சக்கரவண்டிக்குக் கொடுத்த காசின் கணக்கு என்று ஒன்றையும் எறியாதீர்கள். ஒரு பழைய சொப்பிங் பையில் போட்டு வைத்தாலும் போதும்.

பொலிஸ் நிலையத்தில் தங்கச்சியின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்கும் அப்போது தெரியாது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. வடக்கு கிழக்கில் அரச பதிவுகள் தமிழில் இருக்க வேண்டும் என்றே அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. தமிழில் எழுதுங்கள் என்று கேட்கலாம். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அடித்துவிட்டு ஓடிய வாகனம் பிடிபடவே இல்லையென்றால்? விடியற்காலையில் கீரை விற்கப் போன ஒரு ஆச்சியை எங்கள் பக்கத்து ஊரில் இப்படி ஏதோ ஒரு வாகனம் அடித்துவிட்டுப் போய்விட்டது. வழக்குப் போட ஆளே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவே வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் ஒரு நிதியம் இருக்கிறது. எல்லா வாகனங்களின் காப்புறுதிக் கட்டணத்திலிருந்தும் ஒரு சிறு பங்கு அதற்குப் போகிறது. பொலிஸ் அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும். ஆச்சியின் மகள் விண்ணப்பித்தா. பலமுறை கடிதம் எழுதிய பிறகு ஒரு தொகை வந்தது. பெரிய தொகை அல்ல. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே அந்தப் பொலிஸ் நிலையத்தில் யாரும் அவவுக்குச் சொல்லவில்லை.

ஆடைத் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போய்வரும் சகோதரிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 2022 இல் திருத்தப்பட்டு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலையிலிருந்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்துகளும் அதற்குள் சேர்க்கப்பட்டன. அந்தக் கோரிக்கை நட்டஈட்டு ஆணையாளரிடம் போகும். தொழில் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். எங்கள் ஆள் இறந்தபோது அந்தத் திருத்தம் இருக்கவில்லை.

முடிந்த விதம்

2020 இல் கொரோனாவால் நீதிமன்றம் மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. தவணை தவணையாகப் போய், 2022 கார்த்திகையில் இரு தரப்பும் நீதிமன்றத்தின் முன்னால் ஒரு தொகைக்கு இணங்கினோம். தொகையை எழுத வேண்டாம் என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். 75,000 ரூபாவைப் போலப் பல மடங்கு என்று மட்டும் சொல்கிறேன். ஆனால் 2019 இல் கேட்ட பணம் 2022 இல் கைக்கு வந்தபோது பால்மா என்ன விலை, சீமெந்து என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். அதே பணத்தில் 2019 இல் வீட்டுக்குக் கூரை போட்டு மதிலும் கட்டியிருக்கலாம். 2022 இல் கூரை மட்டும்தான் போட்டோம்.

பிள்ளைகளின் பங்கை அவர்களுக்கு 18 வயதாகும்வரை எடுக்க முடியாதபடி வங்கியில் வைப்பிலிட நீதிமன்றம் உத்தரவிட்டது. முதலில் எங்களுக்கு அது ஒரு கஷ்டமாகத்தான் தெரிந்தது. கையில் இருந்திருந்தால் கரைந்திருக்கும் என்று இப்போது தங்கச்சியே சொல்கிறாள். அவள் இன்று பாலர் பாடசாலையொன்றில் வேலை செய்கிறாள். இளையவனைப் பின்னால் ஏற்றும்போது அவனுடைய தலைக்கவசப் பட்டியை அவளே கொழுவி, விரலை உள்ளே விட்டு இழுத்துப் பார்ப்பாள். நாடி நோகுதென்று அவன் கத்துவான்.

அந்தச் சிங்களக் கடதாசி இன்னும் என்னுடைய அலுமாரியில், வழக்குக் கோப்புக்குள் இருக்கிறது. போன மாதம் மகள் அதை எடுத்துப் பார்த்தாள். பாடசாலையில் சிங்களம் படிக்கிறாள், எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பெரியம்மா, என்ட பங்குக் காசு எப்ப எடுக்கலாம்?" என்று கேட்டாள். பதினெட்டு முடிய என்றேன். இப்போது அவளுக்குப் பதினைந்து. "கம்பஸ் போற நேரம் சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பை மூடி வைத்தாள்.